பிராண்டுக்கு வீடியோ எடுத்துத் தருகிறேன். என் முகம் யாருக்குச் சொந்தம்?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 31. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருந்தவர், பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பவில்லை. மகளுக்கு இப்போது 14 மாதம். ஒரு வருடமாக வீட்டிலிருந்தே பிராண்டுகளுக்கு யூஜிசி வீடியோ, அதாவது வாடிக்கையாளரே எடுத்ததுபோல இருக்கும் விளம்பர வீடியோ, எடுத்துக் கொடுக்கிறார். சோப்போ எண்ணெயோ டிஃபன் பாக்ஸோ பார்சலில் வரும். வாங்கிப் பயன்படுத்திய ஒருவர் பேசுவதுபோல 30, 40 விநாடி பேசி, எடிட் செய்து அனுப்ப வேண்டும். பிராண்ட் அதைத் தன் பக்கத்தில் போட்டுக்கொள்ளும். இவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஆயிரம் ஃபாலோயர்கள்கூட இல்லை. இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை. ஒரு வீடியோவுக்கு 2,000 முதல் 3,000 ரூபாய் வரை வருகிறது.

எட்டு மாதத்துக்கு முன் ஓர் ஏஜென்சி மூலம் பெங்களூரு கூந்தல் எண்ணெய் பிராண்ட் ஒன்றுக்கு 2,500 ரூபாய்க்கு ஒரு வீடியோ கொடுத்திருக்கிறார். போன மாதம் கோவையில் இருக்கும் சித்தி மகள், 'அக்கா, நீ இந்தி பேசுற விளம்பரம் வருது' என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறார். முகம் இவருடையது, குரல் வேறு யாருடையதோ. 'மூன்றே மாதத்தில் வழுக்கையில் முடி' என்கிறது அந்தக் குரல். மடியில் மகளும் இருக்கிறாள். 'என் போனில், என் வீட்டில் நான் எடுத்த வீடியோ, காப்பிரைட் என்னுடையதுதானே, கேஸ் போடலாமா' என்று கேட்கிறார்.

இன்னொரு ஏஜென்சி ஆறு வீடியோவுக்கு 18,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறது. நாலு மாதமாக இழுத்தடித்துவிட்டு, இப்போது 'ஜிஎஸ்டி நம்பர் இல்லாமல் பேமெண்ட் போட முடியாது' என்கிறார்களாம். மூன்றாவது, ஒரு புது வாய்ப்பு. குழந்தைகளுக்கான தானிய உணவு தயாரிக்கும் நிறுவனம் ஒன்று மாதம் 25,000 ரூபாய்க்கு ஆறு மாத ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. ஒன்பது பக்கம், எல்லாம் ஆங்கிலம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். கடைசியாக வருமான வரி. 'இது பாக்கெட் மணி, கணக்கு எதுக்கு' என்கிறார் கணவர். 'வம்பு எதுக்கும்மா, விட்டுடு' என்கிறார் மாமியார்.

அன்புள்ள சகோதரிக்கு,

வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் இதுவரை செய்த விதத்தில் தொடரவும் வேண்டாம். கெடு நெருங்குவதால் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

ஒப்பந்தத்தில் எந்த ஷரத்தை மாற்றச் சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஷரத்துக்கு முன்னால் பொருளைப் பாருங்கள். டப்பாவில் 'ஆறு மாதத்திலிருந்து' என்று அச்சிட்டிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பவுடர், பால் புட்டி, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான உணவு ஆகிய மூன்றையும் விளம்பரம் செய்ய நம் நாட்டில் தடை இருக்கிறது. 1992இல் வந்த சட்டம் அது. 2003இல் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். நிறுவனத்துக்கு மட்டுமான தடை இல்லை. 'எவரும்' விளம்பரம் செய்யக் கூடாது, அதை வெளியிடுவதில் பங்கெடுக்கவும் கூடாது என்கிறது சட்டம். சிறைத் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். முளைகட்டிய ராகி, சத்துமாவு என்று எந்தப் பெயரில் வந்தாலும், ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்க என்று விற்றால் இதில் அடங்கும்.

'எல்லா அம்மாக்களும் இன்ஸ்டாவில் பேசுகிறார்களே' என்பீர்கள். பேசுகிறார்கள்தான். பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. ஆனால் 14 மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு அந்தக் கூழை ஊட்டும் வீடியோவில் இருப்பது உங்கள் முகம். அதே நிறுவனம் பெரிய பிள்ளைகளுக்கான தின்பண்டமோ வேறு பொருளோ விற்றால், அதற்கு மட்டும் வேலை தர முடியுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த 25,000 வேண்டாம். சொல்வது எனக்கு எளிது, உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் இதில் பேரம் பேச இடமில்லை.

எண்ணெய் விளம்பரம்: காப்பிரைட் வழியில் போகாதீர்கள்

நான் எடுத்தேன், ஆகவே என்னுடையது என்பது இயல்பான நினைப்பு. கதை, கட்டுரை எழுதுபவர்களுக்குப் பெரும்பாலும் அது சரியும்கூட. ஆனால் 1957ஆம் வருட பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டபடி, அவரிடம் பணமோ பணத்துக்கு ஈடான எதுவுமோ வாங்கிக்கொண்டு புகைப்படமோ படமோ எடுத்துக் கொடுத்தால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான். போன் உங்களுடையது, ரிங் லைட் உங்களுடையது என்பதெல்லாம் இங்கே எடுபடாது. 'காப்பிரைட் என்னுடையது' என்று நோட்டீஸ் அனுப்பினால் அவர்கள் வக்கீல் இந்தப் பிரிவைத்தான் முதலில் நீட்டுவார்.

அதற்காக நீங்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. 'வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை' என்றேன் அல்லவா? நீங்கள் அனுப்பிய வாட்ஸாப் பக்கங்களில் ஏஜென்சிப் பெண் எழுதிய ஒரு வரி இருக்கிறது: 'பேஜுக்கு மட்டும்தான் அக்கா, மூணு மாசம்.' கீழே நீங்கள் 'ஓகேப்பா' என்று பதில் போட்டிருக்கிறீர்கள். முத்திரைத்தாளில் எழுதினால்தான் ஒப்பந்தம் என்பது தவறான எண்ணம். ஒருவர் சொல்லி மற்றவர் ஒப்புக்கொண்டது வாட்ஸாப்பில் இருந்தாலும் ஒப்பந்தமே. அந்த ஒரு வரி மூன்று விஷயங்களைச் சொல்கிறது: மூன்று மாதம்தான், அவர்கள் பக்கத்தில்தான், தளத்துக்குப் பணம் கட்டி எல்லோருக்கும் காட்டும் கட்டண விளம்பரத்துக்கு இல்லை. அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். 'எக்ஸ்போர்ட் சாட்' செய்து மெயிலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். அந்த போனையும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட வேண்டாம். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் காட்டும்போது அதற்கென்று ஒரு சான்றிதழ் தர வேண்டும். மூலச் சாதனம் கையில் இருந்தால் வேலை சுலபம்.

காப்பிரைட்டைவிட வலுவான பிடி இன்னொன்று இருக்கிறது: உங்கள் முகம். வீடியோவின் உரிமை யாரிடம் இருந்தாலும், உங்கள் முகத்தில் வேறு குரலை ஒட்டி நீங்கள் சொல்லாததைச் சொல்ல வைக்கும் உரிமை அதோடு சேர்ந்து போய்விடாது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது தொடர்பாக உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு நினைவிருக்கும். ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு, 1994. ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. நீங்கள் கொடுத்த சம்மதம் தமிழில் பேசிய அந்த 40 விநாடிக்கு. வழுக்கையில் முடி முளைக்கும் என்று இந்தியில் சொல்ல நீங்கள் சம்மதிக்கவில்லை.

நீங்கள் கடிதத்தில் கேட்காத ஒரு கேள்வி இங்கே இருக்கிறது. அந்த விளம்பரத்தை நம்பி எண்ணெய் வாங்கியவர் புகார் செய்தால் உங்களுக்கு என்ன ஆகும்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தயாரிப்பாளரோடு நிற்பதில்லை. பொய்யான விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். திரும்பவும் நடந்தால் 50 லட்சம் வரை. ஒரு வருடம் எந்தப் பொருளையும் பரிந்துரைக்கக் கூடாது என்று தடையும் போடலாம். இது நடிகர்களுக்கும் கிரிக்கெட் வீரர்களுக்கும்தானே என்று நினைக்காதீர்கள். ஃபாலோயர் எண்ணிக்கை இதில் கணக்கே இல்லை. பார்ப்பவர் 'இது இவருடைய சொந்த அனுபவம்' என்று நம்பும்படி இருந்தால் அது பரிந்துரைதான். உண்மையா என்று நியாயமாக விசாரித்துப் பார்த்தேன் என்று காட்ட முடிந்தால் தப்பிக்கலாம். ஆணையம் உங்களைத் தேடி வந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் 'இது என் சொல் இல்லை, நீக்குங்கள்' என்று தேதியோடு ஒரு மெயில் உங்கள் கையில் இருக்க வேண்டும். பணம் வருகிறதோ இல்லையோ, அந்த மெயில் உங்களுக்கான கவசம்.

ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவின் விளம்பர நூலகத்தில் (ஆட் லைப்ரரி) அந்த பிராண்டின் பெயரைத் தேடுங்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இப்போது ஓடும் விளம்பரங்கள் அங்கே தெரியும், ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் இருக்கும், எப்போது தொடங்கியது என்றும் போட்டிருக்கும். எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தை நிறுத்திவிட்டால் அங்கிருந்தும் போய்விடலாம், அதனால் இன்றைக்கே செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் மெயில். நேராகச் சண்டைக்குப் போனால் ராத்திரியோடு ராத்திரியாக நீக்கிவிட்டு 'அப்படி ஒன்று ஓடவே இல்லையே' என்பார்கள்.

வழக்கு வரை போவதா? உங்கள் இடத்தில் நான் உடனே போகமாட்டேன். மெயிலுக்குப் பதில் இல்லையென்றால் ஒரு வக்கீல் நோட்டீஸ், அப்புறம் விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலிலும் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார். பல நிறுவனங்கள் இதிலேயே இறங்கி வரும். இவ்வளவு நாள் ஓட்டியதற்கு ஒரு தொகை கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று அவர்களே பேசினால், மகள் வரும் காட்சியை நிரந்தரமாக நீக்குவதை எழுத்தில் வாங்கிக்கொண்டு சம்மதிக்கலாம். நோட்டீஸுக்குச் செலவாகுமே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் வருடத்துச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

அந்த 18,000 ரூபாய்

ஜிஎஸ்டி காரணம் சாக்குதான். சேவை செய்பவருக்கு வருடத்துக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால்தான் பதிவு கட்டாயம். வாங்குபவர் வெளி மாநிலத்தில் இருந்தாலும் சேவைக்கு இதே வரம்புதான். பான் நம்பர், வங்கிக் கணக்கு, வீடியோ விவரம், தேதி போட்டு சாதாரண இன்வாய்ஸ் ஒன்றை மெயிலில் அனுப்புங்கள். அதில் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூடச் சேர்க்கக் கூடாது; பதிவில்லாதவர் அதை வசூலிக்க உரிமையில்லை. பணம் வர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடம் வரை வழக்குத் தொடர அவகாசம் இருக்கிறது, பதற வேண்டாம்.

இனி வரும் வேலைகளுக்கு உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு அது. ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் வெப்சைட் எல்லாம் இடைத்தரகர்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். குறுந்தொழில் என்று பதிவாகிவிட்டால், எழுத்தில் எத்தனை நாள் அவகாசம் கொடுத்திருந்தாலும் 45 நாளைத் தாண்டி உங்கள் பணத்தை வைத்திருக்க முடியாது. தேதி பேசாமல் விட்டிருந்தால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இந்த மாதிரிப் பாக்கிக்காக முறையிட வசதி மன்றங்கள் இருக்கின்றன. பதிவுக்கு முன்னால் முடித்துக் கொடுத்த வேலைக்கு இந்தப் பலனைக் கேட்பது சிக்கல், அதனால் இந்த 18,000க்கு அதை நம்ப வேண்டாம். இன்வாய்ஸின் மேல் வரியில் உத்யம் எண்ணைப் போடுங்கள். எதிர்ப்பக்கம் இருக்கும் கணக்குப் பிரிவுக்காரருக்கு அதன் அர்த்தம் தெரியும்: சிறு நிறுவனத்துக்கு உரிய காலத்தில் பணம் தராவிட்டால், அந்தச் செலவை வருமான வரியில் கழிப்பதில் அவர்களுக்கு இடைஞ்சல்.

இனி வரும் ஒப்பந்தங்கள்

தானிய உணவு ஒப்பந்தத்தை விட்டுவிட்டாலும், அதை நீங்கள் ஒருமுறை படித்ததில் லாபம் உண்டு. எல்லா நிறுவனமும் கிட்டத்தட்ட இதே தாளைத்தான் அனுப்பும். அதில் நான் பேனாவால் கோடு போடும் இடங்கள் இவை.

*காலம், இடம்.* 'நிரந்தரமாக, உலகம் முழுவதும், எந்த ஊடகத்திலும், திரும்பப் பெற முடியாதபடி' என்ற வரி. வீட்டை வாடகைக்கு விடுவது வேறு, கிரயம் எழுதிக் கொடுப்பது வேறு. வாடகைத் தொகைக்குக் கிரயம் கேட்கிறார்கள். மூன்று மாதம் அல்லது ஆறு மாதம், அவர்கள் பக்கத்தில் மட்டும், கட்டண விளம்பரமாக ஓட்டினால் மாதத்துக்கு இவ்வளவு கூடுதல் என்று மாற்றி எழுதி அனுப்புங்கள். 'எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களே' என்பார்கள். அப்படியும் வேண்டுமென்றால் தொகையைப் பல மடங்கு கேளுங்கள்.

*மாற்றம், குரல், ஏஐ.* வெட்டுவது, சப்டைட்டில் சேர்ப்பது சரி. வேறு குரல், வேறு மொழி, ஏஐயால் உதட்டசைவை மாற்றுவது, உங்கள் முகத்தை வைத்துப் புது வீடியோ உண்டாக்குவது எதுவும் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கூடாது. மற்றதில் எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விடாதீர்கள். எடிட் செய்யாத மூல வீடியோவை (ரா ஃபுட்டேஜ்) கேட்டால் தனி விலை; அதில்தான் நீங்கள் திக்கிய இடமும் மகள் அழுத இடமும் எல்லாம் இருக்கும்.

*நஷ்டஈடு.* இந்த வீடியோவால் நிறுவனத்துக்கு வரும் எந்த நஷ்டத்தையும் நீங்கள் ஈடுகட்ட வேண்டும் என்று ஏழாம் பக்கத்தில் ஒரு பத்தி இருக்கிறது. ஸ்கிரிப்ட் அவர்கள் எழுதுவார்கள், பொருள் அவர்களுடையது, பழி மட்டும் உங்களுக்கா? பொருளைப் பற்றிய தகவலுக்கு நிறுவனமே பொறுப்பு என்று மாற்றச் சொல்லுங்கள். முடியாது என்றால், உங்கள் பொறுப்பு நீங்கள் வாங்கிய தொகைக்கு மேல் போகாது என்றாவது ஒரு வரி சேருங்கள்.

*பணம்.* பாதி முன்பணம், இலவசத் திருத்தம் இரண்டு முறைக்கு மேல் இல்லை. மீதியை 'வெளியிட்ட பிறகு' என்று எழுத விடாதீர்கள். ஒப்படைத்த தேதியிலிருந்து கணக்கு. அவர்கள் வெளியிடாமலே வைத்திருந்தால் நீங்கள் எந்த நாளை எண்ணுவீர்கள்?

இத்தனையையும் ஒரே மெயிலில் கேட்டால் சில பிராண்டுகள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். ஏழெட்டு வேலை எழுத்தில் செய்து பெயர் வாங்கும் வரை, காலத்தையும் ஏஐ வரியையும் மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதில் கொஞ்சம் வளைந்து போகலாம்.

பேசும் வார்த்தைக்கு வருகிறேன். 'நான் மூணு மாசமா யூஸ் பண்றேன்' என்று ஸ்கிரிப்டில் இருக்கிறது, பார்சல் வந்ததோ போன செவ்வாய்க்கிழமை. இந்த மாதிரி வரிகளை நீங்கள் சிரித்துக்கொண்டே பேசிவிடுகிறீர்கள் என்று கடிதத்தில் தெரிகிறது. 2022 ஜூனில் வந்த விளம்பர வழிகாட்டுதல்கள், பரிந்துரை என்பது பேசுபவரின் நேர்மையான, அப்போதைய கருத்தாக இருக்க வேண்டும் என்கின்றன. 'வாசனை பிடிச்சிருக்கு, பிசுபிசுப்பு இல்லை' என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். நோய், வழுக்கை, சர்க்கரை, எடை என்று வந்தால் ஆய்வறிக்கை கேளுங்கள், தராவிட்டால் அந்த வரியைப் பேசாதீர்கள். உங்கள் பக்கத்தில் போட்டால் விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். இலவசப் பொருள் மட்டும் வாங்கியிருந்தாலும்கூட.

மகளைப் பற்றி ஒன்று. அவளைக் காட்டும் வேலைகளைக் குறைத்துக்கொள்வது நல்லது. காட்டித்தான் ஆக வேண்டுமென்றால், குழந்தைக் கலைஞர்களுக்கான விதிகள் சொல்வதுபோல அந்த வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அவள் பெயரில் வைப்புநிதியில் போட்டுவிடுங்கள்.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: பாக்கெட் மணி என்று ஒரு தலைப்பு வருமான வரியில் இல்லை. இதற்காகப் பயப்படவும் வேண்டாம். புதிய வரி முறையில் வருட வருமானம் 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருக்கிறது. உங்கள் தொகைக்குக் கையிலிருந்து கட்ட வேண்டியது பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒரே நிறுவனம் வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணமாகக் கொடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடிக்கும். கணக்குத் தாக்கல் செய்தால்தான் அது திரும்பி வரும். திருப்பித் தரத் தேவையில்லாத மிக்ஸி, போன் மாதிரியான பொருள்களும் வருமானம்தான். ஒரு நிறுவனத்திடமிருந்து வருடத்துக்கு 20,000 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் அதற்கும் வரிப் பிடித்தம் உண்டு. வீட்டுக் கடனுக்கு வங்கியில் போய் நிற்கும்போது அந்தத் தாக்கல் சீட்டுதான் உங்களுக்கு ஒரு வருமானம் இருப்பதைக் காட்டும். ஆடிட்டரை ஒருமுறை பாருங்கள்.

கடிதத்தின் கடைசியில், 4,999 ரூபாய் கட்டினால் தினம் வேலை தருகிறோம் என்ற டெலிகிராம் குழுவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் இப்போதே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

எண்ணெய் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய மெயிலின் வாசகம் இது. ஆங்கிலத்தில் மாற்றி, பிராண்ட், ஏஜென்சி இரண்டுக்கும் சேர்த்தே அனுப்புங்கள். ரெக்கார்டிங்கையும் வாட்ஸாப் பக்கத்தையும் இணையுங்கள்.

'இன்ன தேதியில் நான் கொடுத்த வீடியோவை உங்கள் பக்கத்தில் மட்டும் மூன்று மாதம் பயன்படுத்தவே சம்மதித்தேன். அந்தக் காலம் முடிந்துவிட்டது. இணைப்பில் உள்ள விளம்பரத்தில் வரும் குரலும் சொற்களும் என்னுடையவை அல்ல. அதில் கூறப்படுவதை நான் பரிந்துரைக்கவில்லை. என் மைனர் மகளின் உருவத்தை வேறு மொழியில், கட்டண விளம்பரமாக வெளியிடவும் நான் சம்மதம் தரவில்லை. இந்த மெயில் கிடைத்த ஏழு நாட்களுக்குள் எல்லாத் தளங்களிலிருந்தும் நீக்கி எழுத்தில் உறுதி செய்யுங்கள். இதுவரை எந்தெந்தத் தளங்களில், எந்தத் தேதி முதல் ஓடியது என்ற விவரத்தையும் தாருங்கள். இழப்பீடு கோரும் என் உரிமை அப்படியே இருக்கிறது.'

எட்டாம் நாள் பதில் வராவிட்டால், இந்த மெயிலின் நகலோடு சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். ஆதார் அட்டை நகலும் எடுத்துக்கொள்ளுங்கள்.